தூரமும் நேரமும்

விவேக் நகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினால் ஒரு காலத்தில் விமானங்களின் வயிற்றைப் பார்க்கலாம். ஹெச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கு முனைக்கு நேராகச் சில கிலோமீட்டர் தொலைவில் இருப்பது எங்கள் பகுதி. மேற்கிலிருந்து இறங்கி வரும் விமானங்கள் சக்கரங்களை நீட்டியபடி எங்கள் கூரைகளை உரசுவது போலத் தாழ்ந்து செல்லும். அந்த ஓசை கேட்டால் பேச்சை நிறுத்துவோம்; ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம். ஊரிலிருந்து புதிதாக வந்த விருந்தினர்தாம் அண்ணாந்து பார்ப்பார்கள்.

நான் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1968ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்தவன். விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. 2004இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தேன். வேலை செய்த நாளெல்லாம் விமானங்களின் உறுப்புகளைத் தொட்டவன், விமானத்தில் ஏறியது என்னவோ அறுபது வயதுக்குப் பிறகுதான். எனினும் தூரம், வேகம், நேரம் ஆகிய மூன்றையும் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதை வாழ்க்கை இரண்டு முறை கற்பித்தது. அவ்விரண்டையும் இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதில் பயன் உண்டென்று கருதுகிறேன். ஏனெனில் இதைப் படிப்பவருள் பெரும்பாலோர் என்னைப் போலவே ஓர் ஊரில் பிறந்து வேறோர் ஊரில் வேர் விட்டவர்கள். அல்லது பெற்ற பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியவர்கள்.

நம் முன்னோர் தூரத்தைப் பெரும்பாலும் நேரத்தாலேயே சொன்னார்கள். 'நாழிகைவழி' என்றே ஓர் அளவை இருந்தது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்நேரத்தில் ஒருவன் நடந்து கடக்கும் வழி ஒரு நாழிகைவழி. 'கூப்பிடு தூரம்' என்றார்கள். குரல் எட்டும் எல்லை அது. என் பாட்டி பக்கத்து ஊரைப் பற்றிச் சொல்லும்போது, 'வெயிலேறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம்' என்பாள். மைல் கணக்கு அவளுக்குத் தேவைப்படவில்லை. புறப்பட்டவன் எப்போது வந்து சேர்வான் என்பதே அவளுக்கு வேண்டியிருந்தது. தூரம் என்பது பூமியைப் பற்றிய செய்தி. நேரம் என்பது காத்திருப்பவரைப் பற்றிய செய்தி. இந்த வேறுபாட்டை நான் உணர்ந்தது 1974இல்.

அவ்வாண்டு ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு என் தந்தையார் காலமானார். அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர் எங்களுடையது. தபால் நிலையம் திறந்ததும் தந்தி கொடுத்திருக்கிறார்கள். அது என் கைக்கு வந்தபோது மாலை ஐந்தரை. கையிலிருந்த பணத்தோடு கலாசிப்பாளையம் ஓடினேன். இரவு ஒன்பது மணிக்கு மதுரைப் பேருந்து. ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று ஒவ்வோர் ஊராக நின்று நின்று சென்றது. மதுரையில் இறங்கியபோது காலை ஒன்பது. அங்கிருந்து திருநெல்வேலிக்கு வேறு வண்டி. அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்கு இன்னொன்று. கடைசியாக வயல் வரப்பில் நடை. வீட்டு வாசலை மிதித்தபோது மாலை நான்கு. தந்தையார் கண் மூடி 36 மணி நேரம் ஆகியிருந்தது.

மூத்த மகன் நான். கொள்ளி வைத்தவன் என் தம்பி. முதல் நாள் மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் பால் தெளிப்பும் முடிந்துவிட்டது. நனைந்த திண்ணையும் சுருட்டிச் சாத்திய பாயுமே எனக்கு மிஞ்சின. என் தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முகத்தைப் பார்த்து, "எய்யா, நேத்து வந்திருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்குத் தூரம் ஏறத்தாழ 640 கிலோமீட்டர். அவ்வளவுதான். ஆனால் தந்தி அலுவலகம், பேருந்து நேரம், மாற்று வண்டி, சம்பளத் தேதிக்கு முந்திய வாரம் என்று எத்தனையோ கைகள் சேர்ந்து அந்தத் தூரத்தை 36 மணி நேரமாக நீட்டிவிட்டன.

ஆண்டுகள் உருண்டன. எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரிலேயே படித்தாள்; 2006இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்கு வேலைக்குப் போனாள். அன்று ஹெச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். மகள் பிராங்க்பர்ட் வழியாகப் பறந்தாள். வழியனுப்பிவிட்டுத் திரும்பிய இரவு, அவள் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய உலக உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். என் மனைவி அருகில் வந்து, "எந்த இடம்?" என்றாள். காட்டினேன். "இவ்வளவு தூரமா?" என்று சிறிது நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பூக்கட்டும் நூற்கண்டை எடுத்துவந்தாள். ஒரு முனையைப் பெங்களூரின்மேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தாள். நூலை மேசைமேல் நீட்டிக் கையால் அளந்தாள். "ஒரு முழங்கூட இல்லையே!" என்றாள். மல்லிகையை முழம் போட்டு வாங்கிப் பழகிய கை அது.

அவள் இழுத்துப் பிடித்தபோது அந்த நூல் சென்ற வழி என்னை வியக்க வைத்தது. தட்டையான தேசப்படத்தில் பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே கோடு கிழித்தால் அது பசிபிக் பெருங்கடலின் நடுவே செல்லும். நூலோ அப்படிச் செல்லவில்லை. பெங்களூரிலிருந்து வடகிழக்காக ஏறி, இமயத்தைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று கடந்து, வடதுருவக் கடலின் ஓரத்தைத் தொட்டு, அலாஸ்காவின் வழியே தெற்கே இறங்கியது. நூல் பொய் சொல்லவில்லை. உருண்டையின்மேல் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி, உருண்டையின் நடுவோடு வெட்டும் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். இழுத்துப் பிடித்த நூல் தானாகவே அந்த வழியில் போய்ப் படிந்துவிடும். விமானிகளும் வழி வகுப்போரும் முதலில் எடுத்துக்கொள்வது அந்தக் கோட்டைத்தான்.

அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். துல்லியமாகச் சொன்னால் 13,993 என்பார்கள். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். ஆகவே பூமியில் எந்த இரண்டு இடங்களும் 20,000 கிலோமீட்டருக்குமேல் விலகி இருக்க முடியாது. அந்த எல்லையில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் எங்கள் மகள் குடியேறினாள். ஒரு பெரிய பயணிகள் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு அத்தோடு முடிந்துவிடும். உண்மைக் கணக்கோ அங்கேதான் தொடங்குகிறது.

வானத்திலும் ஆறுகள் உண்டு. தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. சில நாட்களில் அதன் வேகம் மணிக்கு 200, 300 கிலோமீட்டர்கூட இருக்கும். அக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகும் விமானம் விரைகிறது. எதிர்த்துப் போவது தள்ளாடுகிறது. இதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே ஒன்று உண்டு. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானங்கள் முதலில் மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சென்றன. 2016 அக்டோபரில் அதே விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பினார்கள். தூரம் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடி ஏறத்தாழ 15,300 ஆயிற்று. நேரமோ குறைந்து சுமார் பதினான்கரை மணி ஆயிற்று. அதிக தூரம் போய்ச் சீக்கிரம் சேர்ந்தார்கள்! சுற்று வழியே சுருக்க வழியாக முடிவதை வானத்திலும் காண்கிறோம்.

நேரம் இன்னும் பல வேடிக்கைகளைச் செய்யும். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் தென்கோடியிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே காட்டலினா என்ற நீர்விமானங்கள் பறந்தன. எரிபொருளே பெருஞ்சுமையாகிவிட்டதால் மூன்று பயணிகளுக்குமேல் ஏற்ற இயலாது. எங்கும் இறங்காமல் 27 முதல் 33 மணி நேரம் வரை ஒரே பறத்தல். பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயத்தைக் கண்டார்கள். 'இரட்டை உதயம்' என்றே அதற்குப் பெயராயிற்று. அது பழைய கதை. எங்கள் வீட்டில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. ஒரு நாளே காணாமற்போன கதை.

2021 ஜனவரி 9, சனிக்கிழமை. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு எங்கும் நில்லாமல் பறக்கும் முதல் ஏர் இந்தியா விமானம் அன்று இரவு எட்டரை மணிக்குப் புறப்பட்டது. நெடுந்தூரம் பறப்பதற்கென்றே செய்யப்பட்ட போயிங் 777 வகை விமானம். கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் நால்வரும் பெண்கள். வடதுருவத்தின் மீதாக அதைச் செலுத்தி வந்தார்கள். துருவத்துக்கு அருகே காந்த ஊசியை நம்ப முடியாது. அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் மிகக் குறைவு. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் கடந்து, 17 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து, 11ஆம் தேதி திங்கட்கிழமை விடியற்காலையில் பெங்களூரில் இறங்கினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "சனிக்கிழமை ஏறினாங்க, திங்கட்கிழமை இறங்கினாங்க. ஞாயிற்றுக்கிழமை எங்கேங்க போச்சு?"

விளக்கினேன். இரு நகரங்களுக்கும் இடையே கடிகார வேறுபாடு குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம். அங்கே சனி இரவு எட்டரை என்றால் இங்கே ஞாயிறு காலை பத்து. அதனோடு பதினேழு மணி நேரத்தைக் கூட்டினால் திங்கள் பிறந்துவிடும். இங்கிருந்து அங்கே போகிறவர்கள் மதியம் ஏறி, அதே நாள் மாலையில் இறங்குவார்கள். "அப்படியானால் போகும்போது ஒரு நாளைச் சம்பாதிக்கிறாள், வரும்போது அதைச் செலவழிக்கிறாள்" என்றாள் அவள். குடும்பக் கணக்கு எழுதிப் பழகிய மனத்துக்கு உலகக் கடிகாரம் ஒரு நொடியில் பிடிபட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்: "இனிமே நேரா வந்துடலாம். நடுவிலே எங்கேயும் இறங்க வேண்டாம்."

ஆனால் அவள் நேராக வரவில்லை. வர இயலவில்லை. 2019இல் வந்துபோனதுதான் கடைசி. 2020 மார்ச் 23இல் நம் நாடு வழக்கமான பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. அவை மீண்டும் முறையாகத் தொடங்கியது 2022 மார்ச் 27இல். நடுவில் சிறப்பு ஏற்பாட்டு விமானங்களே பறந்தன. 2021 மே 4இல் இந்தியாவிலிருந்து வருவோருக்கு அமெரிக்கா தடை விதித்தது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்கு அது பொருந்தும். வேலை விசாவில் இருந்த எங்கள் மகள் வந்திருந்தால் திரும்பியிருக்க முடியாது. அத்தடை அவ்வாண்டு நவம்பரில் நீங்கியது. அதன்பின் விசா நேர்காணலுக்கு நாள் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. பார்வையாளர் விசாவுக்கு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பெற்றோரை நான் அறிவேன். நேர்விமானச் சேவையும் இடையில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. விமானம் பதினேழு மணி நேரத்தில் வந்துவிடும். அதில் ஏறுவதற்கு எங்கள் மகளுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

இதை எங்கள் தனித் துன்பமாக நான் கருதவில்லை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோட்டில் 350 கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். சிறிய விமானத்துக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். பலாலியிலிருந்து தமிழகத்துக்குப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் நின்றபின், அவ்வழி மீண்டும் திறந்தது 2019 நவம்பர் 11ஆம் தேதி. நடுவே நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழிந்தன. அத்தனை காலம் யாழ்ப்பாணத்தான் ஒருவன் சென்னையிலுள்ள தன் அக்காளைப் பார்க்க விமானத்தில் செல்ல வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். பிறகு வடக்கே திரும்ப வேண்டும். போர் நடந்த ஆண்டுகளில் அந்தக் கொழும்புப் பாதையும் பலமுறை மூடிக் கிடந்தது. ஒன்றேகால் மணி நேரத் தூரம் ஒரு தலைமுறையாக நீண்டது. அண்மையிலும் பார்க்கிறோம்: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை நம் விமானங்களுக்கு மூடியதும், வட இந்தியாவிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் சுற்றி வளைத்து நீண்டன. பூமி விரியவில்லை, மலைகள் இடம் பெயரவில்லை. மனிதர் போட்ட கோடுகள்தாம் நேரத்தை நீட்டின.

இனி என் இரண்டாவது பாடத்துக்கு வருகிறேன்.

2023 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். அடுக்களையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். என் மனைவி சுவரோடு சரிந்து கிடந்தாள். வலக்கை அசையவில்லை, வாய் கோணியிருந்தது. பக்கவாதம். அண்டை வீட்டார் உதவியோடு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு மகளை அழைத்தேன். அங்கே செவ்வாய் இரவு.

அழுகையை அடக்கிக்கொண்டு அவள் முதலில் தேடியது நேர்விமானத்தை. அது வாரத்தில் சில நாட்களே பறந்தது. அன்று அந்நாள் அன்று. என் மனைவி அத்தனை மகிழ்ச்சியோடு வரவேற்ற அந்த நேர்வழி, வேண்டிய நாளில் இல்லை. இதில் எவரையும் குறை சொல்ல இயலாது. இலட்சம் கிலோவுக்கும் மேற்பட்ட எரிபொருளைச் சுமந்துகொண்டு பூமியில் மூன்றிலொரு பங்கைச் சுற்றும் விமானம், ஊர்ப் பேருந்தைப் போல நாள்தோறும் வர முடியுமா? சிங்கப்பூர் வழியாக ஓர் இடம் கிடைத்தது. நள்ளிரவுக்குப்பின் ஏறினாள். பசிபிக் பெருங்கடலின்மீது பதினேழு மணி நேரம், சிங்கப்பூரில் காத்திருப்பு, அங்கிருந்து பெங்களூருக்கு நான்கரை மணி நேரம். மொத்தத்தில் 16,700 கிலோமீட்டருக்கும் மேல்.

அந்த நேரத்தில் ஒரு மணியைக்கூட நான் தூங்கிக் கழிக்கவில்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். விமானத்தின் இடத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் காட்டித் தந்தான். நீலப் பரப்பின்மேல் ஒரு சிறு குறி நகர்ந்துகொண்டிருந்தது. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தது. எனக்கு அது எறும்பினும் மெதுவாக ஊர்வதாகத் தோன்றியது. 1974இல் என் தாயாரும் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்; பேருந்து எந்த ஊரில் நிற்கிறது என்பதைக் காட்டும் கருவி அவளிடம் இல்லை; அவ்வளவே வேறுபாடு. பயணம் செய்பவருக்கும் காத்திருப்பவருக்கும் கடிகாரம் ஒன்றல்ல என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. அன்று பேருந்தில் இருந்தவன் நான். இன்று வாசலில் இருப்பவன் நான்.

மறுநாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்கு எல்லாச் சமயத்தாரும் வந்து குவிவார்கள். எங்கள் தெருக்களில் வண்டி நகராது. மகள் விமானம் ஏறும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவது என் மனைவியின் வழக்கம். அன்று அவளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு அம்மையார் ஏற்றிவிட்டு வந்தார். மதியம் இரண்டரைக்கு விமானம் இறங்கியது. ஆனால் இறங்கிய இடம் தேவனஹள்ளி. 2008 மே 24இல் புதிய விமான நிலையம் திறந்தபோது ஹெச்.ஏ.எல். நிலையத்தில் பயணிகள் போக்குவரத்து நின்றது. அதன்பின் எங்கள் மொட்டைமாடிக்குமேல் படை விமானங்களும் சோதனை விமானங்களுமே எப்போதாவது பறக்கின்றன. கால் மணி நேர ஆட்டோப் பயணம் நாற்பது கிலோமீட்டராகிவிட்டது. வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை நகரச் சாலை வாங்கிக்கொள்கிறது. மாலை ஐந்து மணிக்கு மகள் மருத்துவமனைப் படியேறினாள்.

தாய் விழுந்து 32 மணி நேரம். நான் என் தந்தைக்காகச் செலவிட்டது 36. ஐம்பது ஆண்டு முன்னேற்றம் மிச்சப்படுத்தியது நான்கு மணி நேரம்தானா என்று நகைக்கலாம். அப்படிச் சொல்வது நன்றிகேடு. 640 கிலோமீட்டரைக் கடக்க எடுத்த நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் ஒரு பெண் பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அந்த நான்கு மணி நேரத்துக்குள் எவ்வளவோ அடங்கியிருந்தது. ஏனெனில் இம்முறை காத்திருந்தவள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

மகளைக் கண்டதும் என் மனைவி இடக்கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தடவினாள். சொல் குழறியது. இரண்டு மூன்று முறை முயன்று அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எத்தனை நாள் லீவு, பாப்பா?"

அங்கிருந்த செவிலிப் பெண் புன்னகைத்தாள். எனக்கோ நெஞ்சை அடைத்தது. இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்காதவர் யார்? பிள்ளை வாசலில் காலை வைத்ததும், பெட்டியைக்கூட இறக்கவில்லை, 'எப்போது திரும்ப வேண்டும்?' என்று கேட்கிறோம். அது விருந்தோம்பலின் குறையன்று. வந்தவளுடைய பயணம் அன்று முடிகிறது; காத்திருப்பவர்களின் பயணமோ அவள் திரும்பிப் போகும் நாளில் மறுபடி தொடங்கப் போகிறது. அந்தத் தொடக்க நாளை அறிந்துகொள்ளவே கேட்கிறோம். அப்போதுதான் எனக்குத் தெளிந்தது: பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையேயான பயண நேரம் பதினேழு மணியும் அன்று, முப்பத்திரண்டு மணியும் அன்று. ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடையில் கழியும் காலம் எதுவோ அதுதான் எங்களுக்குப் பயண நேரம். அவ்வகையில் அவளுடைய அந்தப் பயணம் நான்கு ஆண்டுகள் எடுத்திருந்தது. என் 1974ஆம் ஆண்டுப் பயணமும் 36 மணி நேரப் பயணமன்று. அதற்குமுன் ஊருக்குப் போய் ஒன்றேமுக்கால் ஆண்டு ஆகியிருந்தது. 'நேத்து வந்திருக்கப்படாதா?' என்று என் தாயார் கேட்டது அந்த ஒரு நாளை மட்டும் குறித்ததன்று என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

என் மனைவி அதன்பின் பத்தொன்பது நாட்கள் இருந்தாள். மகள் ஒரு நாளும் அகலவில்லை. தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், பழைய கதைகளைப் பேசி, பேச்சு வராத தாயை ஒருமுறை சிரிக்கவும் வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் புறப்பட்டபோது, தேவனஹள்ளிக்கு நானும் உடன் சென்றேன். மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டிய பொறுப்பு இப்போது எனக்கு வந்திருக்கிறது.

இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் இளைய தலைமுறையினருக்கு ஒரு சிறு கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. இன்னும் பத்தாண்டு இருப்பேன் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்தால் ஐந்து முறை பார்க்கலாம். ஆண்டுதோறும் வந்தால் பத்து முறை. எந்தப் புதிய விமானமும், எந்தச் சாதகமான காற்றும் அந்த ஐந்தைப் பத்தாக்காது. தூரத்தைக் குறைக்க எவராலும் இயலாது. அது பூமி வகுத்தது. பறக்கும் நேரத்தைப் பொறியாளர்கள் குறைப்பார்கள், குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இடைவெளியைக் குறைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. தந்தி வந்தபின் புறப்படுவதைவிட, தந்தி வராத நாளில் புறப்படுவது நல்லது.

எங்கள் மகள் அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறாள். அடுத்த மாதமும் வருகிறாள். எத்தனை நாள் விடுப்பு என்று இம்முறை நான் கேட்கப் போவதில்லை.